உப்புக்காற்றில் குரோமியம்

பழைய காரின் பம்பரில் மின்னும் குரோமியப் படலத்தின் கனம் அரை மைக்ரானைத் தாண்டுவது அரிது. தலைமுடி ஒன்றின் குறுக்களவை நூற்றைம்பது கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் வரும். அந்தப் படலத்துக்கு அடியில் 10 முதல் 40 மைக்ரான் வரை நிக்கல் இருக்கும். நல்ல வேலையானால் நிக்கலுக்கும் கீழே செம்பு. எல்லாவற்றுக்கும் அடியில் எஃகுத் தகடு. பட்டறையில் ‘குரோம் போட்டது’ என்று ஒரே பேச்சில் முடிந்துவிடும் பொருள் உண்மையில் மூன்று நான்கு உலோகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கு. அதை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த அளவு மீட்க முடியும் என்பதெல்லாம் இந்த அடுக்கில் எந்த உலோகம் எந்த வேலையைச் செய்கிறது என்பதைப் பொறுத்தது.

துருவைத் தடுக்கவே குரோமியம் பூசப்படுகிறது என்பது பரவலான எண்ணம். எஃகைக் காப்பது நிக்கல்தான். ஆனால் நிக்கலுக்கு ஒரு குறை உண்டு. கந்தகப் புகை கலந்த ஈரக்காற்றில் அது மங்கி மஞ்சளடித்துவிடும். 1920களுக்கு முன்பு வந்த கார்களின் ரேடியேட்டர் ஓடும் விளக்குக் கிண்ணமும் பித்தளையாகவோ நிக்கல் முலாம் பூசியவையாகவோ இருந்தன. அவற்றைத் துடைத்து மெருகேற்றுவது ஓட்டுநருக்குத் தனி வேலை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லான் 1797இல் சைபீரியாவிலிருந்து வந்த சிவப்பு ஈயத்தாதுவில் குரோமியத்தைக் கண்டறிந்தார். ஆனால் அதை நம்பகமாக முலாமாகப் படியவைக்கும் வழி 1920களின் நடுவில்தான் பிடிபட்டது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் நடத்திய ஆய்வு அதில் முக்கியமானது. குரோமியம் காற்றுப்பட்ட கணத்திலேயே தன்மேல் சில நானோமீட்டர் கனத்தில் நிறமற்ற ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் கீறப்பட்டால் உடனே மீண்டும் வளர்கிறது. நிக்கலின் மீது மெல்லிய குரோமியம் படிந்துவிட்டால் மங்கும் தொல்லை தீர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகக் கார்த்தொழில் முழுவதும் அதற்கு மாறியது.

இந்த மாற்றத்தின் இந்தியக் கிளைகள் பல தமிழ்நாட்டில்தான் வேர்விட்டன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன நிறுவனம், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்தது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் ஹெரால்டு கார்களைச் செய்தது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் உருவானது. வங்காளத்தின் உத்தரபாராவிலிருந்து 2014 வரை வந்துகொண்டிருந்த அம்பாசிடரும் மும்பையின் பத்மினியும் சேர்ந்தால், தமிழ்நாட்டுச் சாலைகளில் பல பத்தாண்டுகள் மின்னிய குரோமியத்தின் பெரும்பகுதி கணக்கில் வந்துவிடும். எண்ணூரும் திருவொற்றியூரும் சென்னையிலிருந்து வடக்கே பழவேற்காடு போகும் திசையிலேயே இருக்கின்றன. கடலோரம் வண்டி செய்த ஊர்களிலிருந்து சிறிது தூரத்தில், அந்த வண்டிகளின் உலோகத்தை மிகக் கடுமையாகச் சோதிக்கும் காற்று வீசுகிறது.

காற்றில் வரும் உப்பு

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணி ஆறும் காளாங்கி ஆறும் அதில் நன்னீர் சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிநீர் நன்னீரை நெருங்கும். கோடையில், அதுவும் முகத்துவாரத்தை மணல் தூர்த்துவிட்டால், ஏரியின் சில பகுதிகள் கடலைவிட உப்பாகிவிடும். வற்றிய சேற்றுத் திட்டுகளின் மேல் உப்பு பூத்து நிற்கும். லைட்ஹவுஸ்குப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம் முதலிய ஊர்கள் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான மணல்பரப்பில் அமைந்தவை. அங்கே காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரைத் தாண்டியே வரும்.

அலை உடையும்போது நுரைக்குமிழ்கள் வெடிக்கின்றன. வெடித்த ஒவ்வொரு குமிழும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளை மேலே தெறிக்கவிடுகிறது. பெரிய துளிகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும்; நுண்துளிகள் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும். ஆகவே கரையோரக் குப்பத்தில் வாசலில் நிற்கும் வண்டியின் மேல் படியும் உப்பும், கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பொன்னேரியில் நிற்கும் வண்டியின் மேல் படியும் உப்பும் ஒரே அளவல்ல. முதல் அரைக் கிலோமீட்டரில்தான் அழிவு கடுமை.

படிந்த உப்பு உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கு செய்யாது. அரிமானம் மின்வேதி வினை. அதற்கு ஈரம் வேண்டும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் சோடியம் குளோரைடு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிறது. கடலோரத்தில் இரவுதோறும் அந்த அளவு எட்டப்படுகிறது. கடலுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மெக்னீசியம் குளோரைடு. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துவிடும். சித்திரை வெயிலில் நடுப்பகலில்கூடப் பழவேற்காட்டுக் காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காய்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும் பம்பரின் மேல், மெல்லிய உப்புநீர்ப் படலம் அநேகமாக நாள் முழுவதும் இருக்கிறது. தொட்டால் விரலில் பிசுபிசுப்பது அதுதான்.

தெற்கே எண்ணூர், வல்லூர் பக்கம் நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையங்கள் உள்ளன. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடு ஈரப்படலத்தில் கரைந்தால் அமிலமாகிறது. உப்பும் கந்தக அமிலமும் ஒன்றுசேர்ந்தால் நிக்கலின் அரிமானம் தனித்தனியே இருக்கும்போது நடப்பதைவிட வேகமெடுக்கும்.

இவற்றோடு மீன் வேறு. இறால், நண்டு, மடவை நிறைந்த ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல் ஏலக்களத்திலிருந்து கிளம்பும்போது, பெட்டியின் அடிமூலையிலிருந்து பனிநீர் சொட்டுச் சொட்டாகப் பின் சக்கர ரிம்மிலும் சைலன்சரிலும் விழுகிறது. சூடான சைலன்சரில் அந்த நீர் உடனே ஆவியாகி உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. அடுத்த சொட்டு அதன்மேல் விழுகிறது. ஒரே இடத்தில் உப்பு அடர்ந்துகொண்டே போகும். பழைய வண்டியில் முதலில் ஓட்டை விழுவது அந்தச் சொட்டு விழும் கோட்டில்தான். கெட்டுப்போகும் மீனிலிருந்து வரும் அம்மோனியா வகை ஆவிகள் பித்தளையையும் செம்பையும் கறுக்கவைக்கும்.

கடலோர அரிமானம் தமிழகத்தில் வெகுநாளாக ஆராயப்படும் பொருள். வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தாலும் 15 லட்சம் ரூபாயாலும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உருவானது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. அந்த ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு கரைகிறது என்று அளந்து வந்திருக்கிறது. இத்தகைய அளவீடுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஓர் உண்மை வண்டி வைத்திருப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். மழை நேராகப் படும் பரப்பைவிட, மழை படாமல் மறைந்திருக்கும் பரப்பு கடலோரத்தில் அதிகம் அரிக்கப்படுவதுண்டு. ஐப்பசி மழை பம்பரின் முகத்தைக் கழுவிவிடுகிறது. பம்பரின் முதுகில் சேர்ந்த உப்பு ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

புள்ளி எப்படிப் பிறக்கிறது

குரோமியம் படியும்போதே அதில் இறுக்கம் உருவாகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் உண்டாகின்றன. முழுக்க ஓட்டையற்ற குரோமியப் படலம் நடைமுறையில் கிடையாது. ஒரு துளையின் அடியில் நிக்கல் தலைகாட்டுகிறது. மேலே உப்புநீர்ப் படலம். இப்போது குரோமியம் ஒரு மின்வாயாகவும் நிக்கல் மற்றொரு மின்வாயாகவும் அமைந்து, மிகச் சிறிய மின்கலம் பிறந்துவிடுகிறது. ஆக்சைடு தோல் போர்த்த குரோமியம் கரையாது, நிக்கல் கரையும். குரோமியப் பரப்பு மிகப் பெரியது, திறந்த நிக்கல் ஊசிமுனை அளவு. பெரும்பரப்பு இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிவதால், அங்கே நிக்கல் செங்குத்தாகக் குடையப்படுகிறது.

குடைவு எஃகை எட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. இதுவரை கரைந்த நிக்கல் இனிக் கரையாது. அதைவிட எளிதில் கரையும் இரும்பு அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. துரு, தான் பிறந்த இரும்பைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். துளை வழியாகப் பிதுங்கி மேலே வழிகிறது. அடியில் பரவி முலாமைத் தூக்குகிறது. பம்பரில் மிளகளவு பழுப்புப் புள்ளி தெரிந்தால், குரோமியம் துருப்பிடித்துவிட்டதாக நினைப்பது தவறு. குரோமியம் பழுதில்லாமல் அதைச் சுற்றி நிற்கிறது. அது எஃகிலிருந்து வந்த துரு.

உருப்பெருக்கியில் இதை நன்றாகப் பார்க்கலாம். பழுப்பு வட்டத்தின் நடுவில் கறுத்த ஒரு துளை. சுற்றிலும் துருநீர் வழிந்து உலர்ந்த ஒளிவட்டம். ஒளிவட்டத்தைத் துடைத்தால் அடியில் குரோமியம் பளிச்சென்று இருக்கும். துளை மட்டும் துளையாகவே நிற்கும். சுத்தம் செய்வதன் எல்லை இதுதான். கறையை எடுக்கலாம், துளையை மூட முடியாது. ஆனால் துளைக்குள்ளிருக்கும் உப்பை வெளியேற்றி, மீண்டும் நீர் புகாமல் தடுத்தால் அது வளர்வதை நிறுத்தலாம். கடலோரத்தில் பழைய குரோமியத்தைப் பேணுவதில் முதல் வேலை உப்பை அகற்றுவது. மெருகு அதற்குப் பிறகுதான்.

எது எந்த உலோகம்

காரில் மின்னுவதெல்லாம் குரோமியம் அல்ல. கைவைப்பதற்கு முன் எது எதுவென்று தெரிந்துகொள்ளாவிட்டால், ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு நஞ்சாகிவிடும். சிறு காந்தம் ஒன்று பாதி வேலையை முடித்துவிடும். பம்பர், சக்கரக் கிண்ணம், புல்லட்டின் மட்கார்டு ஆகியவை காந்தத்தில் நன்றாக ஒட்டும். அவை முலாமிட்ட எஃகு. கதவுக் கைப்பிடி, பானெட்டின் மேலுள்ள சின்னம், பெயரெழுத்துகள் பெரும்பாலும் ஒட்டாது. கனமாகவும் இருந்தால் அது துத்தநாக வார்ப்பு. மெக்கானிக்குகள் மசாக் என்பார்கள். ஒட்டாமல் இலேசாகவும் இருந்தால் அலுமினியம். கதவின் பக்கவாட்டில் ஓடும் பீடிங் பெரும்பாலும் துருப்பிடிக்கா எஃகு. அதில் காந்தம் குழப்பும். நிக்கல் கலந்த வகை ஒட்டாது, 17 சதவீதம் குரோமியம் மட்டும் கலந்த வகை ஒட்டும். நிறத்தையும் பார்க்க வேண்டும். குரோமியத்தில் நீலச் சாயல் தெரியும். துருப்பிடிக்கா எஃகு சற்றே சாம்பல். மேல் குரோமியம் தேய்ந்து நிக்கல் வெளித்தெரியும் இடம் மஞ்சள் சாயலடிக்கும்.

கழுவுதல்

படகு கரையேறியதும் அவுட்போர்டு இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டு உப்பை வெளியேற்றுவது மீனவர்களிடையே பழகிப்போன நடைமுறை. காருக்கும் பைக்குக்கும் தேவை அதேதான். சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கைபம்பிலும் போரிலும் வரும் நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் பழைய உப்பு போய்ப் புதிய உப்பு வந்து சேரும். சோதிப்பது எளிது. சுத்தமான கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீரை வைத்து நிழலில் உலரவிட வேண்டும். வெள்ளை வளையம் தடித்துத் தெரிந்தால் அந்த நீர் கடைசி அலசலுக்கு ஆகாது. முதலில் எந்த நீரில் கழுவினாலும், கடைசியாக ஒரு வாளி மழைநீராலோ குடிநீராலோ அலசி, உடனே பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் பிடித்துவைத்த நீருக்கு இதைவிட நல்ல உபயோகம் வண்டிக்கு இல்லை.

பம்பரின் முகத்தைவிட முதுகுக்கே அதிக நீர் செல்ல வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடுக்கு, பம்பரின் மேல் நிற்கும் கொம்பின் அடிப்பகுதி, நம்பர் பிளேட்டின் பின்புறம், விளக்கு வளையத்தின் அடிவிளிம்பு ஆகியவற்றில்தான் உப்பும் மணலும் சேறும் ஒன்றாகக் கெட்டித்திருக்கும். குழாயை அங்கே சில நிமிடங்கள் நிற்கவிட்டு ஊறவைத்தால் கரைந்து வெளியேறும். சோப்பு மென்மையானதாக இருக்கட்டும். மணல் முழுவதும் போகாமல் துணியால் தேய்ப்பது கீறலுக்கு வழி. குரோமியம் மிகக் கடினமான உலோகம்தான். ஆனால் கடற்கரை மணலிலுள்ள குவார்ட்சும் கார்னெட்டும் சளைத்தவை அல்ல. குரோமியம் தேய்ந்து நிக்கல் வெளியே வந்த இடங்களிலோ அவை எளிதாகக் கோடு போட்டுவிடும்.

சமையலறைப் பழக்கம் இங்கே ஒத்துவராது. குத்துவிளக்கைப் புளியால் தேய்ப்பது சரியான வேதியியல். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது. பித்தளை விளக்குக் கிண்ணம் உள்ள மிகப் பழைய காருக்கு அது பொருந்தும், பிறகு நன்றாக அலசினால். துளை விழுந்த குரோமியத்தின் மேல் புளியோ எலுமிச்சையோ போட்டால், அமிலம் துளைக்குள் தங்கி அடியிலுள்ள உலோகத்தைத் தின்னும். கழிப்பறை கழுவும் அமிலமோ அழிவுதான். முலாம் பட்டறையில் பழைய குரோமியத்தை உரிப்பதற்கே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் முக்குகிறார்கள். அதே அமிலத்தைத் துணியில் நனைத்து பம்பரைத் துடைத்தால், கறையோடு குரோமியமும் கரைந்துபோகும்.

துருக்கறை

கழுவி உலர்ந்தபின் மிஞ்சும் பழுப்புப் புள்ளிகளுக்கு மிக எளிய கருவி, உணவு பொதியும் அலுமினியத் தாள். சிறு துண்டைக் கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் கறை கரும்பசையாகக் கழன்று வரும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது. அதனால் குரோமியத்தைக் கீறாது. துருவைப் பிரித்தெடுக்கும் வலிமை மட்டும் அதற்கு உண்டு. தேய்க்கும்போது உருவாகும் அலுமினிய ஆக்சைடு துகள்கள் நுண்மெருகுப் பொடியாக உதவுகின்றன. கரும்பசை வந்தவுடன் துடைத்துவிட்டு, நல்ல நீரில் அலச வேண்டும்.

பட்டறைகளில் இதற்கு மிக நுண்ணிய ஸ்டீல் உல்லும் சிறிது எண்ணெயும் போடுவார்கள். சென்னைக்குள் அது போதும். பழவேற்காட்டில் வேண்டாம் என்பதே சரி. ஸ்டீல் உல்லின் இரும்பு இழைகள் நொறுங்கிக் குரோமியத்தின் வெடிப்புகளில் தங்கும். உப்புக்காற்று அவற்றை ஒரே இரவில் துருவாக்கிவிடும். மறுநாள் காலையில் முன்பைவிட அதிகப் புள்ளிகள் தெரியும். அதற்குப் பதில் செம்பு அல்லது பித்தளை நார் பாதுகாப்பானது. உப்புத்தாள் எந்த வடிவிலும் குரோமியத்தின் அருகில் வரக்கூடாது.

ஆழமான துளைக்குள் இறங்கிய துருவைத் தேய்த்து எடுக்க முடியாது. பம்பரைக் கழற்றிவிட்டால், நீர்த்த சிட்ரிக் அல்லது பாஸ்பாரிக் அமிலக் கலவையைத் துளை உள்ள இடத்தில் மட்டும் துணியால் சிறிது நேரம் வைத்துத் துருவைக் கரைக்கலாம். பாஸ்பாரிக் அமிலம் இரும்போடு சேர்ந்து கரும்பாஸ்பேட்டாக மாறும். அது துருவைப்போல் வளராது. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, அலசி, வெயிலில் வைத்துத் துளைக்குள் ஈரமில்லாமல் காயவிட வேண்டும். காய்ந்த சூட்டோடு மெழுகு தேய்த்தால் அது துளைக்குள் இறங்கி நிற்கும்.

துத்தநாகம், அலுமினியம், துருப்பிடிக்கா எஃகு

துத்தநாக வார்ப்பில் பழுப்பு வராது. வெள்ளைப் பொடியும் கொப்புளமும் வரும். கொப்புளத்தின் அடியில் துத்தநாகம் ஏற்கெனவே உப்பாகிவிட்டது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. கொப்புளம் உடைந்து பள்ளமாகும். அம்பாசிடரின் கதவுக் கைப்பிடிகளில் விரல் படும் பகுதி மின்னிக்கொண்டே இருக்க, உட்பக்க விளிம்பு மட்டும் வெள்ளையாகப் பொரிந்திருப்பது இதனால்தான். விரல் அன்றாடம் உப்பைத் துடைத்துவிடுகிறது. கழுவி, மெழுகிட்டு அப்படியே வைத்திருப்பது ஒரு வழி. முழுவதும் உரித்து, பள்ளங்களைச் செம்பால் நிரப்பி, மறுமுலாம் போடுவது மற்றொன்று. பள்ளம் நிறைந்த மசாக் துண்டுக்கு மறுமுலாம் போடுவதைவிட, சென்னைப் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் நல்ல நிலையில் ஒன்றைத் தேடுவது பலமுறை மலிவு.

அலுமினியத்தின் மின்னும் பட்டைகள் பெரும்பாலும் மின்முறையில் ஆக்சைடு கனமாக்கப்பட்டவை. அந்தத் தோல் கண்ணாடிபோல் நிறமற்றது, கடினமானது, ஆனால் காரத்தைத் தாங்காது. சலவை சோடா, சுண்ணாம்புத் தெறிப்பு, அடுப்பு சுத்தம் செய்யும் திரவம் எல்லாம் அதைக் கரைத்து வெள்ளைத் திட்டாக்கும். சோப்பும் நீரும் மட்டுமே அதற்கு.

துருப்பிடிக்கா எஃகுதான் மீட்பவருக்கு மனநிறைவு தரும் உலோகம். அது முலாமல்ல, தேய்த்தால் கீழே இருப்பதும் அதே உலோகம். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய கலவையின் வழிவந்தது. கடலோரத்தில் அதில் தேநீர் நிறத்தில் ஒரு கறை படியும். பலவீனமில்லை, மேற்பரப்புத் துருதான். நசுங்கிய பீடிங்கைக் கழற்றி, மரக்கட்டையின்மேல் வைத்து, பின்புறமிருந்து சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி நிமிர்த்தலாம். பிறகு 400, 600, 800, 1200 என்று படிப்படியாக நுண்மையாகும் வாட்டர் பேப்பரால் ஒரே திசையில் தேய்த்து, பருத்திச் சக்கரத்தில் பஃபிங் செய்தால் தொழிற்சாலை மெருகு திரும்பிவிடும். சாதாரண எஃகைத் தேய்த்த சக்கரத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அதிலுள்ள இரும்புத்துகள் பதிந்து துருக்கும்.

பீடிங்கைவிட ஆபத்தானது அதைப் பிடித்திருக்கும் கிளிப். அது சாதாரண எஃகு. துருப்பிடிக்காத உலோகத்தைத் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் நிற்கிறது. இரண்டில் கரைவது கிளிப்தான். கிளிப் நுழையும் துளையில் பெயின்ட்டும் சுரண்டப்பட்டிருக்கும். பழைய காரின் கதவு அழுகத் தொடங்குவது பெரும்பாலும் இந்தத் துளைகளிலிருந்து. பீடிங்கைக் கழற்றிய வாய்ப்பில் ஒவ்வொரு துளைக்கும் பிரைமர் தொட்டு, பிளாஸ்டிக் கிளிப் அல்லது கிரீஸ் பூசிய கிளிப் போடுவது, மெருகைவிட முக்கியமான வேலை.

மறுமுலாம்

முலாம் உரிந்து எஃகு வெளிப்பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது. பட்டறையில் பழைய குரோமியமும் நிக்கலும் உரிக்கப்படும், துரு நீக்கப்படும், ஓட்டைகள் வெல்டிங்கில் அடைக்கப்படும், நெளிவுகளை டிங்கர் நிமிர்த்துவார். பிறகு நீண்ட நேரம் தேய்ப்பு. முலாம் எந்தக் கீறலையும் மறைக்காது. மின்ன வைத்து எடுத்துக்காட்டும். செலவில் பெரும்பங்கு இந்தத் தேய்ப்புக்கூலிதான்.

அதன்பின் நடப்பதை ஃபாரடேயின் விதி துல்லியமாகச் சொல்லிவிடும். படியும் உலோகத்தின் அளவு, பாய்ந்த மின்னூட்டத்தின் அளவுக்கு நேர் விகிதம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 4 ஆம்பியர் கொடுத்தால் நிக்கல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரான் படியும். 25 மைக்ரானுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டும். குரோமியத் தொட்டியில் கொடுக்கும் மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவே உலோகம் படியவைக்கப் பயன்படுகிறது, மீதி ஹைட்ரஜன் குமிழாகிப் போகிறது. இருந்தும் 0.3 மைக்ரான்தான் தேவை என்பதால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கேதான் வாடிக்கையாளர் ஏமாற இடம் உண்டு. நிக்கல் தொட்டியில் பத்தே நிமிடம் வைத்து எடுத்த பம்பரும் நாற்பது நிமிடம் வைத்த பம்பரும் கடையிலிருந்து வரும்போது ஒரேமாதிரி மின்னும். முதல் பம்பர் கடலோரத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே கடினம். குப்பத்துக்குள் ஓடப்போகும் வண்டிக்கு 30 முதல் 40 மைக்ரான் நிக்கல் கேட்டு வாங்க வேண்டும். அதையும் இரட்டை அடுக்காகக் கேட்பது நல்லது. அடியில் கந்தகமற்ற அரைப்பளபளப்பு நிக்கல், மேலே கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல். துளை விழுந்தால் மேலடுக்கு பக்கவாட்டில் கரைந்து, கீழடுக்கைக் காக்கும். படகு இன்ஜினில் பொருத்தும் துத்தநாகக் கட்டி தான் கரைந்து இன்ஜினைக் காக்கும் தத்துவமும் இதுவே.

குரோமியத் தொட்டியில் லிட்டருக்கு ஏறத்தாழ 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. தொட்டியிலிருந்து எழும் மூடுபனியைச் சுவாசிப்பவர் மூக்குத்தண்டில் ஓட்டை விழுந்த வரலாறு இந்தத் தொழிலில் உண்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவுக்குவியல் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது தமிழகம் அறிந்த துயரம். வீட்டுக் கொல்லையில் குரோமிக் அமிலம் கலக்கி முலாம் போட்டுப் பார்ப்பது, அதுவும் நீர் ஒன்றையே நம்பிப் பிழைக்கும் ஏரிக்கரையில், செய்யவே கூடாத காரியம். மூவிணைதிறக் குரோமியக் கரைசலில் முலாம் போடும் பட்டறைகள் இப்போது உள்ளன. நிறம் சற்றே மாறலாம், ஆனால் தொழிலாளியின் நுரையீரலுக்கு அது எவ்வளவோ மேல்.

காப்பு

சுத்தமான, உலர்ந்த குரோமியத்தின் மேல் கார்னாபா மெழுகு மெல்லப் பூசினால் துளைகளின் வாய் அடைபடும். நீர் பரவாமல் முத்தாகத் திரளும். நீர் முத்தாகத் திரள்வது நின்றதும் மீண்டும் பூசும் வேளை வந்தது. பழவேற்காட்டில் அது சில வாரங்களிலேயே வந்துவிடும். பம்பரின் முதுகுக்கு மெழுகு போதாது. துத்தநாகப் பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, அதன்மேல் கிரீஸ் அல்லது ஆட்டுரோமக் கொழுப்பு கலந்த காப்புப் பூச்சு வேண்டும். தேங்காய் எண்ணெயும் முதல் சில நாள் காக்கும். பிறகு கெட்டு அமிலமாகி, மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டும் தெளிப்பு எண்ணெய்களில் புகழ்பெற்ற டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவிலிருந்து காக்கச் செய்யப்பட்டது. அத்தகைய எண்ணெய் இடுக்குகளில் நுழைந்து நீரை வெளியேற்றும், ஆனால் அதன் படலம் மெல்லியது. அதுவே கடைசிப் பூச்சாக முடியாது.

நிறுத்தும் இடமும் காப்பின் பகுதி. தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் அடியில் ஈரம் சிறைபட்டு இரவெல்லாம் வியர்க்கும். மூன்று பக்கம் அடைத்து, கடலுக்கு எதிர்ப்பக்கம் திறந்த கீற்றுக் கொட்டகை அதைவிட நல்லது. காற்று உலவும், அலைத்துளி நேராக விழாது. கூரைக்கடியில் நிற்கும் வண்டியை மழை கழுவாது என்பதால், வாரம் ஒருமுறை நல்ல நீரில் அலசும் பொறுப்பு உரிமையாளருடையதாகிறது.

கழற்றிய பம்பரைத் திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் தலைக்கும் முலாமுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷர் போட்டு, மரைகளில் கிரீஸ் தடவ வேண்டும். பம்பரின் அடிவிளிம்பில் நீர் வடியும் துளைகள் பெயின்ட்டாலும் மணலாலும் அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் திறந்துவிட வேண்டும். அந்தத் துளைகள் அடைபட்ட பம்பரில், எத்தனை மைக்ரான் நிக்கல் இருந்தாலும், உப்புநீர் உள்ளேயே தேங்கிப் பின்பக்கத்திலிருந்து எஃகைத் தின்றுவிடும்.